ஒழுகும் இடமும் ஓட்டையும்

"தம்பி, தண்ணி சொட்டுற எடத்துல ஓட்டை இருக்காது. ஓட்டை இருக்குற எடத்துல தண்ணி சொட்டாது."

காரைக்காலில் தாத்தாவின் அப்பா கட்டிய வீட்டைப் பழுதுபார்க்க வந்த வயதான கொத்தனார் முதல் நாளே சொன்னது இது. அப்போது எனக்குப் புரியவில்லை. கூடத்து ஊஞ்சல் கொக்கிக்குப் பக்கத்தில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கறை. மழை வந்தால் அத்தை அதன் கீழே குண்டான் வைப்பாள். கறைக்கு நேர் மேலே மாடியில் சிமெண்ட் பூசினோம், ஐப்பசியில் சொட்டியது. தார் ஊற்றினோம், சொட்டியது. வெள்ளை ரசாயனப் பூச்சு அடித்தோம். மூன்றாவது மழைக்காலத்தில் அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது.

பிரான்சில் இருக்கும் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. "மேல இருக்குறத இடிச்சுட்டு கான்கிரீட் போட்டுடு. பணம் நான் அனுப்புறேன்" என்றார். இந்த வீட்டிலேயே பிறந்து, புருஷன் செத்த பிறகு இங்கேயே திரும்பி வந்த அத்தை, "நான் போனப்புறம் இடிச்சுக்குங்கடா" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் நான். கொத்தனார் ஒரே ஒரு வேலைக்கு அனுமதி கேட்டார்: மாடி ஓரத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தளத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் குழிக்குள் எட்டிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

*

மேலே இருப்பது புதியது, கீழே போகப் போகப் பழையது. எங்கள் மாடியில் முதலில் வந்தது உரிந்துபோன ரசாயனப் பூச்சு. அதற்குக் கீழே தார். அதற்கும் கீழே இரண்டு அங்குல சிமெண்ட் பூச்சு. அதைப் பெயர்த்ததும் நிறம் மாறியது: சிவப்புத் தட்டோடு, பிறகு செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கெட்டியான தளம், கடைசியில் குத்துக்கல்லாக நிறுத்திய மெல்லிய செங்கல். அதைத் தாங்கும் பர்மா தேக்குக் கட்டைகள்.

இதைத்தான் மெட்ராஸ் டெர்ரஸ் என்கிறார்கள். நம் பாட்டிகளுக்கு அது வெறும் மச்சு. சுவருக்குச் சுவர் உத்தரம் போட்டு, அதன்மேல் ஒன்றரை அடிக்கு ஒரு கட்டையாகப் பரப்பி, ஆறு அங்குல நீளமும் ஒரு அங்குலக் கனமும் உள்ள சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகைச் சாரம் கட்டுவதில்லை. ஒரு மூலையில் தொடங்குவதால் ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லி. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள். தளம் இறுகிவிட்டது என்பதற்கு அடையாளம், அடிக்கிற கட்டை துள்ளித் திரும்புவது. அப்போதுதான் அடியை நிறுத்துவார்கள்.

இந்தக் கடற்கரையில் சுண்ணாம்புக்கு மலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு. தண்ணீர் விட்டு நீற்றித் தளத்தில் போட்டால், காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து, வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. சின்ன விரிசல் விழுந்தாலும், உள்ளே போகும் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போய் விரிசலிலேயே படியவிடும். சுண்ணாம்புத் தளம் தன் சின்னக் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஈரத்தைக் குடிக்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். அடியில் இருக்கும் தேக்கு அழுகாமல் நூறு வருஷம் தாங்குவது இதனால்தான்.

*

காரைக்கால் 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. சுற்றிலும் தஞ்சைச் சீமை, நடுவில் அரசலாறு, கிழக்கே கடல். பாண்டிச்சேரியோடு நிலத்தொடர்பு இல்லாத துண்டு. இங்கிருந்து அரிசி கப்பலேறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் குடியேற்றங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களும் கப்பலேறினார்கள். பிறகு சைகோனுக்குக் குமாஸ்தாவாகவும் வியாபாரியாகவும் சொல்தாவாகவும் போனார்கள். போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்த மச்சு வீடுகள் இங்கே நிறைய. எங்கள் வீடும் அப்படித்தான். கட்டியவர் வருஷக்கணக்கில் சைகோனில் இருந்தார். வீட்டில் அவர் வாழ்ந்தது கடைசிக் காலத்தில் மட்டும்.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். ஒரே வீட்டில் அண்ணன் எழுதிக்கொடுத்தார், தம்பி எழுதிக்கொடுக்கவில்லை. இப்படிப் பிரிந்த குடும்பங்கள் காரைக்காலில் தெருவுக்குத் தெரு உண்டு.

இந்த அரசியலுக்கும் ஒழுகலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் நாள்காட்டியில் இருக்கிறது. பிரான்சில் இருப்பவர்களுக்குப் பெரிய விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். அப்போது வருவார்கள், பூட்டைத் திறப்பார்கள், கறையைப் பார்ப்பார்கள், கையோடு ஆள் வைத்து மேலே ஏதாவது பூசிவிட்டுப் போவார்கள். ஆனால் டெல்டாக் கடற்கரைக்குப் பெருமழை வருவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவக்காற்றில். பூசினது நின்றதா என்று பார்க்க ஆள் இருக்காது. அடுத்த ஆகஸ்டில் கறை கொஞ்சம் பெரிதாகியிருக்கும். மறுபடி ஒரு பூச்சு. எங்கள் குழியில் பார்த்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு விடுமுறை.

அந்த இரண்டு அங்குல சிமெண்ட்டுக்கும் தனிக்கதை உண்டு. 1904-இல் சென்னையில் கடல் சிப்பியைக் கொண்டு சிமெண்ட் செய்து பார்த்தார்கள். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1939-இல் திருச்சிக்குப் பக்கத்தில் டால்மியாபுரத்தில் ஆலை வந்தது. பின்னால் வந்த வருஷங்களில் சுண்ணாம்புக் காளவாய்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நீற்றவும் அரைக்கவும் காத்திருக்கவும் யாருக்கும் நேரமில்லை. சிமெண்ட் ஒரே நாளில் இறுகும். அது நல்ல பொருள்தான். ஆனால் சுண்ணாம்பின் மேல் உட்காரும்போது ஒத்துப்போகாது. வெயிலில் ஒன்று விரிகிற அளவுக்கு மற்றது விரியாது. சிமெண்ட்டில் மயிரிழை விரிசல் விழும், அதில் தண்ணீர் இறங்கும், இறங்கின தண்ணீர் மேலே போக வழியில்லாமல் இடையில் மாட்டிக்கொள்ளும். போக்கிடம் தேடிக் கட்டையைத்தான் பிடிக்கும்.

புதுச்சேரி கடற்கரையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மாளிகை, 1870-71-இல் கட்டப்பட்டது. பராமரிப்பில்லாமல் நலிந்துகொண்டே வந்தது. 2014 நவம்பர் 29-இல், தொடர்மழையில், சரிந்து விழுந்தது. பழைய முகத்தோடு மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். அது விழுந்த செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்றுதான் பெரியப்பா முதன்முறையாக "இடிச்சுடு" என்றார். அவர் பயம் பொய்யில்லை. கட்டையின் நுனி சுவருக்குள் அழுகியிருந்தால் வெளியே தெரியாது.

*

ஓட்டையைக் கண்டுபிடிக்கக் கொத்தனார் ஒரு வாரம் எடுத்துக்கொண்டார். அந்த வாரம் முழுக்க எதையும் பூசவில்லை.

முதலில் தடியால் தளத்தைத் தட்டிக்கொண்டே நடந்தார். நல்ல இடத்தில் 'ணங்' என்று கேட்கும். விட்டுப்போன இடத்தில் காலிப் பானையைத் தட்டினதுபோல். கேட்ட இடத்தையெல்லாம் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போட்டார். பிறகு கைப்பிடிச் சுவர் அடியைச் சுற்றி வந்தார். ஒரு மூலையில் விரல் நீள அரசங்கன்று. "இது நிக்கிற எடத்துல எப்பவும் ஈரம் இருக்கும். இல்லாட்டி பொழைக்காது."

அடுத்து களிமண்ணால் வரப்பு கட்டி மாடியை நான்கு பாத்தியாகப் பிரித்தார். ஒரு பாத்தியில் மட்டும் தண்ணீர் கட்டி ஒரு ராத்திரி முழுக்க விட்டார். கீழே நானும் அத்தையும் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முதல் பாத்தி, கறைக்கு நேர் மேலே இருப்பது. ஒன்றுமில்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவது பாத்தியில் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தார். அரசங்கன்று இருந்த மூலை அது, கறையிலிருந்து பதினோரு அடி தள்ளி. விடியற்காலை நாலு மணிக்கு ஊஞ்சல் கொக்கியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அத்தை உள்ளங்கையில் பிடித்தாள். நீலம்.

அந்த மூலையில் சுட்ட மண் தூம்பு ஒன்று இருந்திருக்கிறது. எந்த ஆகஸ்டிலோ யாரோ அதை அடைத்துவிட்டு எதிர்ப்பக்கம் பிளாஸ்டிக் குழாய் வைத்திருக்கிறார்கள். தளத்தின் வாட்டம் பழைய தூம்பை நோக்கி, பத்தடிக்கு மூன்று அங்குலம். தண்ணீர் பழைய பழக்கத்தில் அங்கேயே போய்த் தேங்கி, சுவர் அடியில் இறங்கி, சிமெண்ட்டுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவில் ஊர்ந்து, கட்டையைத் தொற்றிக்கொண்டு, கொக்கிக்காக ஓட்டை போட்ட இடத்தில் வெளியே வந்திருக்கிறது.

தூம்பைத் திறந்தோம். சிமெண்ட், தார், ரசாயனம் எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்தோம். வீட்டின் தலையிலிருந்து இரண்டு டிராக்டர் பாரம் இறங்கியது. சுவருக்குள் இருந்த கட்டை நுனிகளைத் துளைத்துப் பார்த்ததில் ஒன்று மட்டும் பஞ்சாகியிருந்தது. இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கை அதற்குப் பக்கத்துணையாகக் கொடுத்தார்கள். அரசங்கன்றின் வேரை நுனி வரை தோண்டி எடுத்து, குழியில் சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்தார்கள். அத்தையும் உட்கார்ந்து நாலு அடி அடித்தாள்.

ஐப்பசி வந்தது. மூன்று நாள் அடைமழை. கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் அடுக்களை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் புதிதாக ஈரம் தெரிந்தது. பதறிப்போய் போன் செய்தேன். "புதுச் சுண்ணாம்பு தம்பி. ரெண்டு மழை குடிச்சா தானா அடைஞ்சிடும். அடையலன்னா நான் வர்றேன். அதுக்கு முன்னாடி எதையும் வாங்கிப் பூசிடாதீங்க" என்றார்.

பெரியப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மழை சத்தம் கேக்குதா?" என்றார். போனை முற்றத்துப் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அடுத்த தடவை ஆகஸ்டில் வரவில்லை, தீபாவளிக்கு வருகிறேன் என்றார்.