ரகசியம் ஏடேறிய கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் இன்று நினைவுக்கு வருபவை கார், கைபேசி, ஷிப்ட் பஸ். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை தொழிற்சாலை மதில்கள்தாம். இதே வட்டாரம் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு அடியார் கூட்டத்தையும் பெற்றெடுத்தது. 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் ராமானுசர் பிறந்தார் என்பது மரபு. அவருடைய சித்தி மகன் எம்பாருக்குப் பக்கத்து மதுரமங்கலம். மருமகன் முதலியாண்டானுக்குப் பூந்தமல்லிப் பக்கம். கூரத்தாழ்வானுக்குக் காஞ்சியை அடுத்த கூரம். இந்தக் கூட்டத்தில் சேருகிறவருக்கு ஆசாரியர் தோளில் சங்கு சக்கரப் பொறி ஒற்றுவார், புதுப்பெயர் சூட்டுவார், காதில் மந்திரம் ஓதுவார். ஓதப்படும் திருமந்திரம், துவயம், சரம சுலோகம் ஆகிய மூன்றுக்கும் பொதுப்பெயர் ரகசியத் திரயம்.

திருமந்திரம் என்னும் எட்டெழுத்து மந்திரத்தில் வரும் நாராயண நாமத்தை ராமானுசருக்கு முன்பே திருமங்கையாழ்வார் ஊரறியப் பாடிவிட்டார். சரம சுலோகமோ கீதையில் வெளிப்படையாக இருப்பது. அப்படியானால் பூட்டி வைத்தது எதை? அவற்றின் பொருளை. அதை ஆசாரியர் ஒருவர் தமக்குத் தகுந்த ஒருவருக்கு மட்டும் சொல்லிப்போவார். ஓராண் வழி என்பார்கள்.

அந்த வழியின் ஆபத்து ராமானுசருக்கு முன்பே தெரிந்துவிட்டது. மரபின் மூத்த ஆசாரியர் நாதமுனிகள் தம் யோக ரகசியத்தைக் குருகைக் காவலப்பன் என்ற சீடரிடம் ஒப்படைத்திருந்தார். நாதமுனிகளின் பேரன் ஆளவந்தார் அதைக் கேட்டுப் போனபோது, காவலப்பன் ஒரு நாளை ஓலையில் குறித்துக் கொடுத்து அன்றைக்கு வரச்சொன்னார். ஆளவந்தார் திருவனந்தபுரம் சேவிக்கப் போய்விட்டார். ஓலையைப் பிரித்துப் பார்த்தபோது குறித்த நாள் அதுவாகவே இருந்தது, திரும்பிவர வழியில்லை. காவலப்பனோடு அந்த யோகமும் போயிற்று. இந்த மரபின் வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இழப்புதான். திருடனும் பகைவனும் வராமலே, காத்து வைத்ததாலேயே போன செல்வம் அது.

ஆளவந்தாரின் சீடர் திருக்கோட்டியூர் நம்பி. அவரிடம் பொருள் கேட்க ராமானுசர் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். கடைசியில் நம்பி சொன்னார், வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்ற ஆணையோடு. மறுநாளே ராமானுசர் கூடியிருந்த அடியார்களுக்கு அதைச் சொல்லிவிட்டார். எங்கே நின்று சொன்னார், எந்த ரகசியத்தைச் சொன்னார் என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடு உண்டு. ஜனங்கள் நினைவில் நிலைத்தது கோபுரம். ஆசாரியர் ஆணையை மீறினால் நரகம் என்று நம்பி சினந்தார். நான் ஒருவன் நரகம் போகிறேன், இத்தனை பேர் உய்வார்களே என்றார் ராமானுசர். நம்பி அவரை அணைத்து, எம்பெருமானார் என்று பெயரிட்டார்.

மேடைகளில் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதன் அடுத்த பகுதிதான் முக்கியம். சரம சுலோகத்தின் பொருளை நம்பி சொன்னபோது, கூரத்தாழ்வானுக்கு மட்டும் சொல்ல விலக்குப் பெற்றார் ராமானுசர். அதற்கும் ஒரு வருடம் பணிவிடை, அல்லது ஒரு மாதம் வாசலில் பட்டினி என்று நிபந்தனை. உடம்பு நிலையில்லாதது, ஒரு வருடம் யார் கண்டது என்று ஆழ்வான் பட்டினியை ஏற்றார். முதலியாண்டான் கேட்டபோது மருமகன் என்றும் பாராமல் அவரை நம்பியிடமே அனுப்பினார் ராமானுசர். ஆறு மாதம் காத்திருந்தார் ஆண்டான். கல்வி, செல்வம், குலம் மூன்றின் செருக்கும் போன பிறகு உம் ஆசாரியரிடமே கேளும் என்று நம்பி திருப்பி அனுப்பினார். பிறகு ராமானுசரின் மற்றோர் ஆசாரியரான பெரிய நம்பியின் மகள் அத்துழாயின் புகுந்த வீட்டில் பெரும் பண்டிதரான ஆண்டான் சமையற்காரராக நின்றார். ரகசியம் அதன்பிறகே அவருக்குக் கிடைத்தது.

ஊருக்கே சொன்னவர் உறவுக்காரரைக் காக்க வைத்தது முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்ற தவிப்பு இருந்தால் போதும் என்றுதான் கூட்டத்துக்குச் சொன்னார். ஆண்டானிடம் தவிப்போடு படிப்பின் கனமும் இருந்தது. அதை இறக்கி வைக்கவே அந்தக் காத்திருப்பு. இன்னார் மட்டுமே கேட்கலாம் என்ற பூட்டை உடைத்தவர், எப்படிக் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கை விடவில்லை.

ஒருவர் திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளவும் பார்த்தது. பின்னாளில் திருவரங்கத்தில் ஆசாரியர் நம்பிள்ளை திருவாய்மொழிக்குச் சொன்ன விரிவுரையைச் சீடர் வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் ஓலையில் எழுதிவந்தார். அனுமதி பெறாமல் எழுதியதை நம்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஈயுண்ணி மாதவரிடம் கொடுத்தார். ஈடு என்று இன்று போற்றப்படும் அந்த உரை, பல தலைமுறை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கே போயிற்று.

ஓலையைப் பறிகொடுத்த அந்தத் திருவீதிப்பிள்ளையின் மகன்தான் பிள்ளை லோகாசாரியர். அவர் ரகசியங்களையே எழுத்தாக்கினார். கூரத்தாழ்வானின் மகன் பட்டரின் அஷ்டசுலோகீ முன்பே இருந்தது. ஆனால் அது வடமொழிச் சுலோகம். லோகாசாரியர் எழுதியது தமிழும் வடமொழியும் கலந்த மணிப்பிரவாளம், சிறுசிறு வாக்கியம். வடமொழி கல்லாதவருக்கும் பெண்களுக்கும் எட்டவேண்டும் என்று அப்படி எழுதினார் என்பார்கள். முமுட்சுப்படி, ஸ்ரீவசனபூஷணம் உட்படப் பதினெட்டு. வேதாந்த தேசிகரும் ரகசியத் திரய சாரம் எழுதினார். கருத்தில் இருவரும் பல இடங்களில் பிரிகிறார்கள். எழுதிவைக்க வேண்டும் என்பதில் பிரியவில்லை. ரகசிய நூல் என்றொரு வகை தமிழ்நாட்டில் வேரூன்றியது இப்படித்தான்.

1323 படையெடுப்பில் திருவரங்கம் குலைந்தது. அவ்வூர் உற்சவர் நம்பெருமாளை எடுத்துக்கொண்டு தெற்கே போன லோகாசாரியர், மதுரை அருகே ஜோதிஷ்குடியில் உயிர் நீத்தார். முதுமை, ஊரை விட்ட நிலை, சீடர்கள் சிதறல்: காவலப்பனோடு நேர்ந்தது மறுபடி நேர எல்லாம் கூடியிருந்தது. ஓலைகள் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் முமுட்சுப்படியைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக உரை எழுதினார்.