ஒரு கிராம் ரேடியமும் முப்பத்தேழு என்னும் எண்ணும்

கதிரியக்கப் பொருள் ஒன்றில் நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்னும் கணக்கே அதன் செயல்பாடு அல்லது சிதைவு வீதம் எனப்படும். இதை அளக்க இன்றும் இரண்டு அலகுகள் வழங்குகின்றன: நொடிக்கு ஒரு சிதைவைக் குறிப்பது பெக்கெரல், நொடிக்கு 3,700 கோடிச் சிதைவுகளைக் குறிப்பது கியூரி. கியூரியைப் பெக்கெரலாக்க 3,700 கோடியால் பெருக்க வேண்டும் என்பதோடு பாடநூல்கள் நின்றுவிடுகின்றன. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிச் செல்வோரை அது ஒரு கிராம் ரேடியத்திடம் கொண்டு சேர்க்கிறது.

1898-இல் மேரி கியூரியும் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்த பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அது மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் பெரும் விலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. ஆனால் வாங்கிய குப்பியில் உண்மையில் எவ்வளவு ரேடியம் இருக்கிறது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கணக்கு வேறுபட்டது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1910 செப்டம்பரில் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் ரதர்ஃபோர்டின் தலைமையில் அமைந்த பன்னாட்டுக் குழு, ஓர் அலகை வகுத்து அதற்குக் கியூரி என்று பெயரிட்டது. ரேடியம் சிதையும்போது ரேடான் என்னும் வளிமம் பிறக்கிறது. மூடிய கலத்தில் சில வாரங்கள் வைத்திருந்தால் பிறக்கும் ரேடானும் சிதையும் ரேடானும் ஈடாகி அதன் அளவு மாறாமல் நிற்கும். இச்சமநிலையில் ஒரு கிராம் ரேடியத்தோடு இருக்கும் ரேடானின் அளவே ஒரு கியூரி என்று குழு முடிவு செய்தது. ஆக, கியூரி தொடக்கத்தில் சிதைவுகளின் எண்ணிக்கையைக் குறிக்கவே இல்லை. ஒரு பொருளின் அளவையே குறித்தது.

ஆய்வகத்தில் கையாள்வதற்கு ஒரு கிராம் என்பது மிகப் பெரிய அளவு. கிராமில் பத்துக் கோடியில் ஒரு பங்கை அடிப்படையாகக் கொள்ளலாம் என்ற கருத்தும் குழுவில் எழுந்தது. அவ்வளவு நுண்ணிய அளவுக்குக் கியூரி என்ற பெயர் பொருந்தாது என்று மேரி கியூரி உறுதியாக மறுத்ததால் ஒரு கிராமே நிலைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் விபத்தில் இறந்த கணவரின் பெயரும் அதில் அடங்கியிருந்ததை நினைக்கும்போது அந்த உறுதியைப் பிடிவாதம் என்று ஒதுக்க இயலாது. பின்னாளில் மில்லிகியூரி, மைக்ரோகியூரி, பிக்கோகியூரி என்று பின்னங்களிலேயே அலகு புழங்கியதற்கு அன்றைய அந்த முடிவே காரணம்.

அடிப்படைப் படித்தரத்தை மேரி கியூரியே 1911-இல் தம் கையால் ஆயத்தம் செய்தார்: தூய ரேடியம் குளோரைடு 21.99 மில்லிகிராம், விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய கண்ணாடிக் குழாயில் அடைத்து முத்திரையிடப்பட்டது. வியன்னாவில் தனியே ஆயத்தமான குழாய்களோடு 1912 மார்ச்சில் பாரிசில் அதை ஒப்பிட்டார்கள். குழாய்களைத் திறக்கவோ எடை போடவோ தேவைப்படவில்லை. அவை வெளியிடும் காமாக் கதிர்கள் காற்றை எந்த அளவுக்கு அயனியாக்குகின்றன என்று அளந்தபோது இரு நகரங்களின் கணக்கும் ஒத்துப்போயின. குழாயைத் தம் ஆய்வகத்திலேயே வைத்துக்கொள்ள மேரி கியூரி விரும்பினார். ஆயினும் உலகத்துக்குப் பொதுவான படித்தரம் ஒருவரிடம் இருத்தலாகாது என்பதால் அது 1913-இல் பாரிசை அடுத்த செவ்ரில் உள்ள பன்னாட்டு எடைகள், அளவைகள் நிறுவனத்துக்குச் சென்றது.

ஒரு கிராம் ரேடியத்தில் நொடிக்கு எத்தனை அணுக்கருக்கள் சிதைகின்றன என்று ரதர்ஃபோர்டும் கைகரும் 1908-இலேயே எண்ணிப் பார்த்து ஏறத்தாழ 3,400 கோடி என்று கூறியிருந்தனர். பிற்கால அளவீடுகள் அதை 3,700 கோடிக்கு அருகில் கொண்டுவந்தன. அளவீடு திருந்தும்போதெல்லாம் அலகும் அசைவது பெருங்குறை. அதோடு, செயற்கைக் கதிரியக்கம் 1934-இல் கண்டறியப்பட்டபின், ரேடியத்தோடு உறவே இல்லாத கதிரியக்க அயோடினையும் பாஸ்பரசையும் மருத்துவர்கள் கியூரியிலேயே அளக்கத் தொடங்கினர். நொடிக்குப் பத்து லட்சம் சிதைவுகள் கொண்ட ‘ரதர்ஃபோர்டு’ என்னும் புதிய அலகு 1946-இல் முன்மொழியப்பட்டும் வேரூன்றவில்லை. இறுதியில் 1950-இல், எந்தத் தனிமமாயினும் நொடிக்குச் சரியாக 3,700 கோடிச் சிதைவுகளே ஒரு கியூரி என்று வரையறுத்து, அலகை ரேடியத்திலிருந்து பிரித்தனர். இன்றைய துல்லியமான அளவீட்டின்படி ஒரு கிராம் ரேடியத்தின் செயல்பாடு ஒரு கியூரிக்குச் சற்றே குறைவு, ஏறத்தாழ 0.99 கியூரி.

1975-இல் எடைகள், அளவைகள் பொது மாநாடு பெக்கெரலை ஏற்றது. நொடியின் தலைகீழ் என்று மட்டும் எழுதினால் சிகிச்சையில் பிழை நேர்ந்து உயிருக்கு ஆபத்தாகலாம் என்பதே அதற்குத் தனிப்பெயர் இட்டதற்கான காரணம்.

பெயர் மாறினாலும் பழைய எண் மறையவில்லை. 1986-இல் செர்னோபில் விபத்துக்குப் பின் சீசியம்-137 படிந்த நிலங்களைச் சதுர கிலோமீட்டருக்கு 1, 5, 15, 40 கியூரி என்று சோவியத் அதிகாரிகள் வகைப்படுத்தினர். பன்னாட்டு அறிக்கைகளில் அவையே சதுர மீட்டருக்கு 37, 185, 555, 1,480 கிலோபெக்கெரல் என்று இடம்பெற்றன. அதே ஆண்டு ஐரோப்பியச் சமூகம் பாலுக்கு விதித்த உச்சவரம்பு கிலோவுக்கு 370 பெக்கெரல். பழைய கணக்கில் அது சரியாகப் பத்து நானோகியூரி. அமெரிக்க வீடுகளில் ரேடானைக் குறைக்க நடவடிக்கை எடுக்க வேண்டிய வரம்பு லிட்டருக்கு 4 பிக்கோகியூரி. புதிய அலகில் அது கன மீட்டருக்கு 148 பெக்கெரல், அதாவது நான்கு முப்பத்தேழு.