மூடப்பட்ட ஆய்வகமும் வாச்சாத்தியும்

2012 மார்ச் 31 அன்று பிரிட்டிஷ் அரசு தனது தடய அறிவியல் நிறுவனத்தை மூடியது. கொலை, வன்புணர்வு வழக்குகளில் ரத்தம், முடி, நூலிழைகளை ஆராய்ந்து சொன்ன பொது நிறுவனம் அது. மாதம் சுமார் 20 லட்சம் பவுண்டு நட்டம் என்று அரசு காரணம் சொன்னது. எங்கோ ஒரு ஆய்வகம் மூடியதால் தருமபுரியில் இருக்கும் நமக்கு என்ன? நிறைய இருக்கிறது தோழர்களே.

அந்த நட்டம் எப்படி வந்தது என்று பாருங்கள். 1991இல் நிறுவனம் தனி முகமையானது. சோதனைக்குக் காவல்துறை காசு கொடுக்க வேண்டும் என்றானது. 2005இல் அது அரசுக்குச் சொந்தமான கம்பெனியாக மாறியது. காவல்துறை வாடிக்கையாளர் ஆனது. மலிவாகச் செய்யும் தனியாரிடம் வேலை போனது. சில சோதனைகளைக் காவல்துறை தானே செய்துகொண்டது. நீதிக்கான வேலையைச் சந்தைச் சரக்காக்கிவிட்டு, வியாபாரம் இல்லை என்று கடையை மூடினார்கள்.

பிறகு நடந்தது என்ன? 2017இல் மான்செஸ்டரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் முடிவுகளைத் திரித்தது அம்பலமாகி, 10,000க்கும் மேற்பட்ட சோதனைகள் சந்தேகத்துக்கு உள்ளாயின. 2018இல் இன்னொரு தனியார் நிறுவனம் நொடித்துப் போக, அரசுப் பணம் கொடுத்துத் தாங்க வேண்டியிருந்தது.

பொது நிறுவனம் என்றாலே புனிதம் என்று சொல்ல வரவில்லை. 1993இல் லண்டனில் வெள்ளை இனவெறியர்கள் கொன்ற கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸ் வழக்கில், ஒரு குற்றவாளியின் ஜாக்கெட்டில் இருந்த நுண்ணிய ரத்தக்கறையை இந்த நிறுவனம் தவறவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத் தனியார் ஆய்வகம் ஒன்றுதான் அதைக் கண்டுபிடித்தது. 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் அந்தத் துணிகள் அதுவரை பாதுகாக்கப்பட்டிருந்ததால்தான் அது நடந்தது. தடயத்தை யார் வைத்திருக்கிறார்கள், யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வியோடு நம் மாவட்டத்துக்கு வருவோம். 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கடத்தலைத் தேடுகிறோம் என்ற பெயரில் அரூர் அருகே வாச்சாத்தி என்ற பழங்குடி கிராமத்துக்குள் நுழைந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வுக்கு உள்ளானார்கள். குற்றவாளிகள் வனத்துறையினர், காவல்துறையினர், வருவாய்த்துறையினர். தடயத்தைச் சேகரிக்க வேண்டிய கைகளே குற்றம் செய்த கைகள். நீதிமன்ற உத்தரவால் சிபிஐ விசாரணை வந்தது 1995இல். அதற்குள் எந்தத் தடயத்தை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது? அந்தப் பெண்களின் சாட்சியமே வழக்கைத் தாங்கியது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் இறந்துபோக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. 19 ஆண்டுகள்! உயர்நீதிமன்றம் அதை 2023இல் உறுதி செய்தது.

2013 ஜூலை 4 அன்று தருமபுரி ரயில் பாதையோரம் இளவரசன் சடலமாகக் கிடந்தார். முதல் பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் ஏற்கவில்லை. உயர்நீதிமன்றம் வரை போராடிய பிறகு, தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து மறு பரிசோதனை செய்தார்கள். அப்படி இரண்டாவதாக ஒருவரைக் கேட்க முடிந்ததற்குக் காரணம், உள்ளூர் அதிகாரத்துக்கு வெளியே ஒரு பொது நிறுவனம் இருந்ததுதான்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தாக வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆள் போதவில்லை, தனியாரிடம் கொடுக்கலாம் என்ற பேச்சு நாளை இங்கும் எழலாம். அப்போது பிரிட்டன் கதையைச் சொல்லுங்கள். காவல்துறையின் கைக்குள் அடங்காத, போதிய நிதியுள்ள அரசு ஆய்வகம் வேண்டும் என்று கேளுங்கள். வன்கொடுமை வழக்கு எதுவானாலும், எந்தப் பொருள் எந்த நாளில் எந்த ஆய்வகத்துக்குப் போனது என்று முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள். வாச்சாத்திப் பெண்களைப் போல் இன்னொருவர் 19 ஆண்டுகள் தன் சொல்லை மட்டுமே நம்பி நிற்கக் கூடாது.