மாஞ்சோலை லைன் வீடுகளில் குளிரும் விறகும்

முன்னுரை

திருநெல்வேலிச் சமவெளியில் மார்கழி, தை மாதங்களிலும் வீட்டைச் சூடேற்றும் தேவை எழுவதில்லை. ஆனால், தாமிரபரணியின் துணையாறான மணிமுத்தாற்றின் மேற்பகுதியில், ஏறத்தாழ 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் நிலை வேறு. இவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரிதும் குத்தகை வழக்கையும், 1999 ஜூலை 23இல் தாமிரபரணிக் கரையில் 17 பேர் உயிரிழந்த நிகழ்வையும் சுற்றியே அமைந்துள்ளன. அம்மக்கள் தம் வீட்டில் எவ்வாறு குளிர்காய்ந்தனர் என்பதும் வரலாற்று வினாவே என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

கூதிரும் கணப்பும்

பாண்டிய நாட்டு இலக்கியத்தில் இவ்வினாவுக்குத் தொன்மையான சான்று உண்டு. நக்கீரரின் நெடுநல்வாடை கூதிர்க்கால வாழ்வை நிரல்படக் காட்டுகிறது. மழை நனைத்த கோவலர் மேட்டு நிலத்தில் நெருப்பில் கை காய்ச்சுகின்றனர். நகரின் மாடங்களில் சாளரங்கள் அடைக்கப்பட, முதியோரும் இளையோரும் ‘தடவு’ எனப்படும் கணப்புச் சட்டியைச் சூழ்கின்றனர். குளிர் இரு சாராருக்கும் பொது. சுவரும் கூரையும் கணப்பும் பொதுவல்ல.

தோட்டமும் விறகும்

1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் மலைநிலத்தைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கீழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் லைன் வீடுகளில் குடியமர்த்தப்பட்டனர். நாலுமுக்கும் ஊத்தும் தமிழகத்தில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அடங்கும். ஆகவே இங்குக் குளிர் ஈரத்தோடு இணைந்தது. சமைக்கவும், நனைந்த துணியை உலர்த்தவும், உடம்பைக் காய்ச்சவும் ஒரே விறகடுப்பே பயன்பட்டது. தேயிலைச் செடியைக் கவாத்துச் செய்கையில் விழும் கழிகளும் அதற்கு எரிபொருளாயின.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குளிரை அறிந்திருந்தது. அதன் 15ஆம் பிரிவு வீட்டு வசதியையும், 17ஆம் பிரிவு மழை, குளிரிலிருந்து காக்கும் குடை, கம்பளி, மழையங்கி ஆகியவற்றையும் குறிப்பிட்டது. அடுப்பில் எரியும் விறகுக்கு அச்சட்டத்தில் தனிப் பிரிவு இருக்கவில்லை. தொழிலாளரின் உடம்பைப் போர்த்த எண்ணிய சட்டம், குடும்பம் கூடியிருக்கும் வீட்டின் சூட்டைத் தன் வரம்புக்குள் கொணரவில்லை.

விறகு கிடைக்கும் இடமோ காடு. 1952இல் ஜமீன் நிலம் அரசிடம் சேர்ந்தது. முண்டந்துறை 1962இலும் களக்காடு 1976இலும் சரணாலயங்களாயின. 1988இல் இரண்டும் இணைந்து புலிகள் காப்பகமாயின. காட்டைக் காக்கும் நோக்கம் நியாயமானதே. எனினும், வன நிர்வாகத்தின் பார்வையில் விறகு காட்டின் இழப்பு. லைன் வீட்டின் பார்வையில் அதுவே இரவின் பாதுகாப்பு. ஒரே பொருளுக்கு அமைந்த இவ்விரு கணக்குகளையும் சேர்த்துப் படிக்காத வரலாறு ஒருபக்கமானது.

முடிவுரை

2024இல் தோட்டப் பணி முடிவுக்கு வந்து, விருப்ப ஓய்வின் பேரில் தொழிலாளர்கள் மலையிலிருந்து இறங்கும் நிலை ஏற்பட்டது. குத்தகைப் பத்திரங்களும் தீர்ப்புகளும் ஆவணக் காப்பகங்களில் நிலைக்கும். விறகு சேர்த்தவர் யார், மழைக்காலத்துக்கு எவ்வளவு சேமித்தனர், அடுப்பின் அருகே உறங்கியவர் குழந்தையா முதியவரா என்பன அடுப்பைப் பேணிய பெண்களின் நினைவிலேயே உள்ளன. சமவெளியில் அவர்கள் சிதறிக் குடியேறுமுன் அவ்வாய்மொழிச் சான்றுகளைத் தொகுப்பது நெல்லை வட்டார ஆய்வாளர்களின் உடனடிக் கடமையாகும்.