இடுப்பு முறிந்தவர் எழுந்து நடந்த வரலாறு



"பாட்டி விழுந்து இடுப்பு ஒடிந்துவிட்டது, இனிப் படுத்த படுக்கைதான்." தோட்டங்களில் நாம் கேட்டுப் பழகிய பேச்சு இது. ஒரு காலத்தில் இது உண்மையாகவே இருந்தது. அந்நிலை எவ்வாறு மாறியது என்பதை இன்று காண்போம்.

இடுப்பு முறிவு என நாம் சொல்வது, தொடை எலும்பின் மேல்முனை முறிவதையே. அவ்வெலும்பின் தலை, இடுப்புக் குழியில் பந்துபோல் பொருந்தியுள்ளது. தலைக்குரிய இரத்தம் பெரும்பாலும் எலும்பின் கழுத்து வழியாகவே செல்கிறது. கழுத்து ஒடிந்தால் இரத்தம் தடைப்படும். எலும்பு எளிதில் கூடாது. இலண்டன் மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் தம் நூலில் இதனை விளக்கினார். முதியவரை நெடுநாள் கிடத்தி வைப்பதைவிட, எலும்பு கூடாவிட்டாலும் ஊன்றுகோலுடன் எழுப்பிவிடுவதே உயிரைக் காக்கும் என்பது அவர் கருத்து.

ஏன்? முதியவரின் உயிரைப் பறித்தது பெரும்பாலும் முறிவன்று; படுக்கையே. முதுகில் புண், நெஞ்சில் சளிக்காய்ச்சல், காலில் இரத்தக்கட்டி ஆகிய மூன்றும் படுக்கையில் வந்தவை.

1895இல் ராண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். 1925இல் பாஸ்டன் நகரில் ஸ்மித் பீட்டர்சன், முறிந்த கழுத்தை மூன்று விளிம்புள்ள உலோக ஆணியால் பிணைத்தார். 1940இல் ஆஸ்டின் மூர் என்னும் அமெரிக்கர், எலும்பின் தலைக்குப் பதிலாக உலோகத் தலையைப் பொருத்தினார். 1962இல் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி, குழியையும் சேர்த்து முழு மூட்டையே மாற்றும் நல்ல முறையை வகுத்தார். அதன்பின் படுக்கை வாசம் வாரங்களிலிருந்து நாட்களாகக் குறைந்தது.

நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அன்றைய பெரும்பகை மலேரியா. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நீரை வடித்து அக்காய்ச்சலை அடக்கினார். தோட்ட ஆஸ்பத்திரிகளும் கொய்னா மருந்துக்கே பேர்போனவை. மக்கள் முதுமை வரை வாழத் தொடங்கியபின் எலும்பு மருத்துவம் இன்றியமையாததாயிற்று. 1967இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் எலும்பு மருத்துவத் துறை தோன்றியது. 1985இல் கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை திறக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 50 வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சம் மலேசியரில் 90 பேருக்கு இம்முறிவு நேர்ந்தது.

அறுவை முடிந்தால் மருத்துவம் முடிந்ததா? இல்லை. மறுநாளே எழுப்பி நிறுத்துவதும், உடற்பயிற்சி மருத்துவரின் துணையோடு நடக்கப் பழக்குவதும், முட்டை, மீன், பருப்பு போன்ற புரத உணவும் வேண்டும். மெலிந்த எலும்புக்கும் மருந்துண்டு. அறுவை முடிந்த 90 நாட்களுக்குள் தொடங்கி, ஆண்டுக்கொருமுறை சோலெட்ரோனிக் அமில ஊசி போட்டவர்களிடம் புதிய முறிவுகள் 35 விழுக்காடும் மரணங்கள் 28 விழுக்காடும் குறைந்ததாக 2007இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சிறுநீரகத்தைச் சோதித்தபின் மருத்துவரே இதனைத் தீர்மானிப்பார்.

நேயர்களே, விழுந்தவரின் கால் குட்டையாகி, பாதம் வெளிப்புறம் திரும்பியிருந்தால் எண்ணெய் தேய்த்து உருவ வேண்டா. இழுத்துக் கட்டவும் வேண்டா. அசைக்காமல் வைத்து 999 எண்ணை அழையுங்கள். "வயதாகிவிட்டது, அறுவை எதற்கு?" என்று மறுத்துவிடாமல், முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நமக்காக உழைத்த கால்கள் மீண்டும் வாசல்வரை நடக்கட்டும்.