வளவுக்குள் ஒரு வரலாறு

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே ‘வேளாண்மை’ என்ற சொல்லுக்கு நெற்செய்கை என்பதே பொருள். “இம்முறை வேளாண்மை எப்படி?” என்று பழுகாமத்திலே கேட்டுப் பாருங்கள், மறுமொழி வயலைப் பற்றியதாகவே இருக்கும். வீட்டு வளவில் நிற்கும் கத்தரியும் வெண்டியும் பயற்றையும் கொச்சியும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வயலுக்கும் குளத்துக்கும் வரலாறு எழுதிய நாம், கிணற்றடியை அதிகம் எட்டிப் பார்க்கவில்லை.

அரசுகள் எட்டிப் பார்த்ததுண்டு. பசி வந்த காலங்களில் மட்டும். 1942 மார்ச் மாதத்தில் ரங்கூன் யப்பானியர் வசமானது. பர்மா அரிசி நின்றது. உண்ணும் அரிசியில் பெரும்பகுதிக்குக் கப்பலை நம்பியிருந்த இலங்கை திகைத்தது. ஏப்ரல் 9ஆந் திகதி மட்டக்களப்புக் கடலிலே ‘ஹேர்மீஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டபோது, யுத்தம் நமது வாசலுக்கே வந்துவிட்டது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கிடைத்த நிலத்திலெல்லாம் உணவுப் பயிர் செய்யுமாறு மக்கள் கேட்கப்பட்டனர்.

பிற நாடுகளின் கதையும் இதுவே. 1894இல் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகர மேயர் பிங்ரீ, வேலையற்றோர் கிழங்கு நடுவதற்கு வெறுங்காணிகளைக் கொடுத்தார். 1943இல் அந்நாட்டில் ஏறத்தாழ 2 கோடி ‘வெற்றித் தோட்டங்கள்’ இருந்தன. யுத்தம் முடிந்ததும் பெரும்பாலானவை மறைந்தன. இரவல் காணியில் எழுந்த தோட்டம், தேவை தீர்ந்ததும் கைமாறிவிடுகிறது. 1973இல் சியாட்டில் நகரசபை தானே பொறுப்பேற்றுத் தொடங்கிய பொதுத் தோட்டத் திட்டமோ இன்றும் வாழ்கிறது.

நமது நாட்டிலே 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டு நெருக்கடி முற்றியது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முன்னரே, ஜூன் மாதத்தில், அரச ஊழியர் பயிர் செய்யவென வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. அந்த ஏற்பாடு நெடுநாள் நீடிக்கவில்லை.

பழுகாமம் போன்ற ஊர்களின் வளவுத் தோட்டத்துக்கு எந்த அறிவித்தலும் தேவைப்படவில்லை. காரணம் நமது குடிவழமையில் உள்ளது. இங்கே வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகச் செல்லும். மருமகன் வந்து குடியேறுவான். ஆகவே அவள் நடும் மண் அவளுடையது. கிணற்றடியில் வழியும் நீர் வாழைக்குப் போகும். முற்றிய பாகலின் விதை சாம்பலிற் பிரட்டப்பட்டு அடுத்த மாரிக்காகக் காத்திருக்கும். நிலம், நீர், விதை மூன்றும் ஒரு பெண்ணின் கைக்குள் இருந்தன.

அந்தக் கையையும் காலம் தளர்த்தியது. 2007இல் படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். ஒரு போகம் விதை எடுக்கத் தவறினால், அந்த இனம் அந்த வீட்டுக்கு இல்லை. யுத்தம் இல்லாத காலத்திலும் ஒரு வளவு மூன்று மகள்மாருக்குப் பிரிந்தால், வீடுகள் எழும். பந்தலுக்கு இடம் குறையும்.

நகரத் தோட்டத் திட்டங்களை வகுப்போர் விதைப் பைக்கற்றோடு வருகிறார்கள். வரட்டும். அதற்கு முன்பாக, நடப்போகிறவளுக்கு அந்த மண்ணில் என்ன உரித்து என்று ஒருமுறை கேட்பது நன்று. நமது வளவுகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்த பாடம் அதுதான்.