அணையும் வெள்ளமும்

பொதிகை மலையில் பிறந்து புன்னைக்காயலுக்கருகே கடலோடு கலக்கும் தாமிரபரணி, ஏறத்தாழ 128 கிலோமீட்டரே ஓடும் சிறு நதி. தமிழ்நாட்டிற்குள்ளேயே பிறந்து முடிகின்ற அந்நதிக்கு அயல் நாட்டு வழக்கு எதுவுமில்லை. எனினும், நாடுகள் நதிநீர் குறித்துப் பிணங்கும்போது, அதன் வேரில் இருப்பது நம் வயல்வெளிகள் நன்கறிந்த மேல்மடை, கீழ்மடைப் பிணக்கேயாகும்.

நம் முன்னோர் இந்நதியின் குறுக்கே அமைத்தவை அணைக்கட்டுகள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் ஆகிய ஏழும் பழைய ஆட்சிக் காலத்தவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. இவை நீரைக் கால்வாய்க்குத் திருப்புமேயன்றி, வெள்ளத்தைத் தேக்கி நிறுத்தா. தேக்கும் ஆற்றல் 1940-களில் எழுந்த பாபநாசம் அணையினாலும், காமராசர் முதலமைச்சராயிருந்த 1950-களில் எழுந்த மணிமுத்தாறு அணையினாலும் வந்தது. 1980-களில் சேர்வலாறு அணையும் சேர்ந்தது.

இங்கேதான் ஓர் இக்கட்டு எழுகிறது. பிசானப் பயிருக்கும் கோடைக் குடிநீருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழையில் அணை நிறைந்தாக வேண்டும். ஆனால் பெருவெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அதே மாதங்களில் அணையிற் காலியிடம் இருந்தாக வேண்டும். பாபநாசத்தில் 143 அடியும் நிறைந்திருந்தால், வந்த நீரை வந்தவாறே விடுவதன்றி வேறு வழியில்லை. காலியிடம் வைத்து மழை பொய்த்துவிட்டாலோ, உழவர் வயல் காயும். காலியிடத்தினால் நன்மை பெறுவோர் ஒருவர். அதன் இழப்பைத் தாங்குவோர் மற்றொருவர். இதனை எவ்வாறு ஈடு செய்வது?

இவ்வினாவிற்கு இரு நாடுகள் ஒரு விடை கண்டன. கனடாவிற் பிறந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வழியாகப் பசிபிக் கடல் சேரும் கொலம்பியா நதி, 1948 மே மாதத்திற் பெருகி, ஆரிகன் மாநிலத்து வான்போர்ட் நகரை ஒரே நாளில் அழித்தது. அதன் பின்னர் 1961-இல் கையெழுத்தாகி 1964-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின்படி, கனடா தன் மண்ணில் மூன்று அணைகள் கட்டி, வெள்ளத்திற்கென இடம் ஒதுக்கி வைக்க இசைந்தது. அந்த இடத்திற்கு விலையாக, 60 ஆண்டுகளுக்கென 6 கோடியே 44 லட்சம் டாலரை அமெரிக்கா முன்னதாகவே அளித்தது. கீழ்நதியில் கூடுதலாகக் கிடைக்கும் மின்னாற்றலிற் பாதியும் கனடாவிற்கு உரியதாயிற்று. அந்த 60 ஆண்டு 2024 செப்டம்பரில் நிறைவுற்றது.

இவ்வேற்பாட்டில் குறை இல்லாமலில்லை. ஆரோ ஏரிக்கரை ஊர்கள் நீரில் மூழ்கின. மக்கள் வீடு வாசல் துறந்தனர். அங்கு வாழ்ந்த பழங்குடியினரைக் கலந்து கேட்கவுமில்லை. ஆயினும் காலியிடத்திற்கும் ஒரு விலை உண்டு, அதைக் கீழ்மடையார் கொடுக்க வேண்டும் என்னும் நியாயம் அங்கே எழுத்தில் ஏறிற்று.

அம்முறையை அப்படியே நாம் கைக்கொள்ள இயலுமா? இயலாது. கொலம்பியாவில் வெள்ளம் பெரும்பாலும் பனி உருகுவதால் வருவது. மலையிற் படிந்த பனியை அளந்து, பல வாரங்களுக்கு முன்பே அணையில் இடம் செய்துவிடலாம். நமக்கோ வெள்ளம் ஓரிரவில் வருகிறது. 1992 நவம்பரில் மாஞ்சோலை மலைப்பகுதியிலுள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ. மழை பெய்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் கடலோரத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. முன்னது அணைகளுக்கு மேலே பெய்த மழை. பின்னது அணைகளுக்குக் கீழே பெய்த மழை. பின்னதைத் தடுக்க எந்த அணையாலும் இயலாது. ஆனால், கீழே ஊர்கள் மூழ்கும் வேளையில் மேலேயிருந்து வரும் நீரைச் சில மணி நேரமேனும் நிறுத்தி வைக்க அணையால் இயலும், காலியிடம் இருந்தால்!

1986-இல் தூத்துக்குடி தனி மாவட்டமாயிற்று. அணைகள் நெல்லை மாவட்டத்தில். ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தூத்துக்குடி மாவட்டத்தில். ஆகவே நமக்கு வேண்டுவன யாவை? எந்த மாதத்தில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்னும் பொது விதி. மதகு திறக்குமுன் கடைக்கோடி ஊருக்கும் சேர்கின்ற செய்தி. தூர்ந்த குளங்களும் கால்வாய்களும் செப்பமாதல். காலியிடம் வைத்த ஆண்டில் மழை பொய்த்தால் உழவர்க்கு உரிய ஈடு. இந்நான்கில் இறுதியானதே பெரும்பாலும் பேசப்படாதது. அது இல்லாதவரை, அணையைக் காலியாக வைக்கும்படி மேல்மடை உழவரைக் கேட்கும் உரிமை கீழ்மடைக்கு இல்லை. அதனை அளித்துவிட்டாலோ, மறுக்கும் நியாயம் மேல்மடைக்கும் இல்லை. இரு நாடுகள் எழுதி ஒப்பமிட்ட உடன்பாட்டை, ஒரே ஆற்று நீரைப் பருகும் இரு மாவட்டத்தார் செய்துகொள்ளல் அரிதன்று.